ஏழு வீட்டுக் கராம்பு

நான் இப்போது இருக்கும் லூயிஷாமில், சந்தையில் கராம்பு மணம் வந்தால் போதும், ஜாவா மலையில் நாங்கள் அகதிகளாக இருந்த அந்த ஏழு வீட்டு ஊர் கண்முன் வந்துவிடும். இப்போது அங்கே ஹோட்டல் நிற்கிறது. நானும் அம்மாவும் அந்த ஊர்க்காரியான யூலி மாமியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், அதுவும் அங்கேதான். காலையில் வாசல்தோறும் பாயில் கராம்பு காயும், மத்தியானம் மலையிலிருந்து மழை இறங்கும், அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் யாருடைய பாய் என்று பாராமல் ஓடிப்போய் உள்ளே எடுப்பார்கள்.

ஒருநாள் ஊரே கலியாணத்துக்குப் போயிருக்க மழை வந்தது.

"பாத்துக்கொண்டு நிக்கிறாய், ஓடடா!" என்று அம்மா கத்த, ஏழு வீட்டுக் கராம்பையும் அள்ளி வந்து எங்கள் அறையில் ஒரே குவியலாகக் கொட்டினோம். காய்ந்ததும் ஈரமும், எது யாருடையது என்றே தெரியாமல் கலந்துபோனதைப் பிறகுதான் கண்டோம்.

"அறையை விட்டு எழுப்பப் போகினம். உன்ர பள்ளிக்கூடமும் போச்சு" என்றார் அம்மா.

திரும்பி வந்த யூலி மாமி குவியலைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பிறகு கூடையை எடுத்துப் பங்கு போடத் தொடங்கினார். எட்டுப் பங்கு.

"ஏழு வீடுதானே?" என்றார் அம்மா, தெரிந்த அரைகுறை மொழியில்.

"அப்ப நீங்கள் என்ன, மரத்திலயே குடியிருக்கிறீங்கள்?" என்றார் யூலி மாமி.