ஒற்றை விரல் ஸ்டீரிங்

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! 1959ஆம் ஆண்டு மார்கழி மாதம், கடலாடிப் பக்கத்தில், பட்டப்பகலில், ஒரு அமெரிக்கக் கார் தன் முதலாளியின் பேச்சைக் கேட்க மறுத்தது. சத்தியமாக நடந்தது. காரில் இருந்த மூவரும் குடிக்காதவர்கள். அவர்களில் ஒருவர், குடிக்காததற்காகவே மேடையேறி மாலை வாங்கியவர்.

மாலை வாங்கியவர் ராமசுப்பிரமணியன். நிலபுலன் உள்ள மனிதர். ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் சென்னையில் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தார். அதில் பவர் ஸ்டீரிங் உண்டு. கல்யாண வீடுகளின் வாசலில் காரை நிறுத்தி, மோதிரம் போட்ட ஒற்றை விரலால் ஸ்டீரிங்கைச் சுற்றிக் காட்டுவார். தாலி கட்டுவதைப் பார்க்க வந்த கூட்டம் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

டிரைவர் மலையாண்டி முதுகுளத்தூர்க்காரன். லாரி ஓட்டித் தோள் காய்த்தவன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை, உச்சிவேளையில், கண்மாய் வளைவில் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் முதலாளியின் மிளகாய்ப் புஞ்சை வேலியில் மூக்கை முட்டிவிட்டது.

"ஏலே, தூங்குனியா, குடிச்சியா?"

"ரெண்டும் இல்ல முதலாளி. வண்டி இழுக்குது."

"பவர் ஸ்டீரிங்டா அது! அது எப்படி இழுக்கும்?"

தீர்ப்பு உடனே வந்தது. வெள்ளிக்கிழமை கருப்பணசாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வேலை இல்லை.

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "தப்பு வண்டியில இருக்கு. வண்டிய வந்து அணைக்கச் சொல்லுங்க."

அந்த வீட்டுச் சுவர்கள் அப்படியொரு பதிலைக் கேட்டதில்லை. அப்போதே துரத்தியிருப்பார். ஆனால் அந்தக் கப்பல் போன்ற காரைத் தினமும் ஓட்ட வேறு ஆள் கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் வாவு முகம்மதுவை வரவழைத்தார்.

வாவு முகம்மது கொழும்பில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். வணக்கம் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்து பிரசங்கம் தொடங்கினார். "எஞ்சின் பம்பைச் சுத்தும். பம்பு எண்ணெயத் தள்ளும். எண்ணெய்தான் சக்கரத்தத் திருப்புது. நம்ம கையி சும்மா பேருக்கு." எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினார். பெல்ட் தொய்ந்திருந்தது, இறுக்கினார். ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். முன் டயர்கள் இரண்டையும் தட்டிப் பார்த்தார்.

"இனிமே பச்சப்புள்ள ஓட்டலாம்."

மூவரும் ஏறினார்கள். மலையாண்டி ஓட்டினான். கண்மாய் வளைவில் ஸ்டீரிங் "ம்ம்ம்ம்…" என்று முனகி இடப்பக்கம் இழுத்தது. அவன் பிரேக்கின்மேல் ஏறி நின்றான்.

"பாத்தீகளா பாய்?"

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கிப் போய் பம்புக்குப் போகும் பெல்ட்டையே கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். "இப்பப் பவரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் இரும்பு. எது இழுக்குதுன்னு பாப்போம்!"

இப்போது ஸ்டீரிங் ஆட்டுரல் போலக் கனத்தது.

"எந்திரிலே" என்றார் முதலாளி. "நானே ஓட்டுறேன். நேராப் போச்சுன்னா நீ இங்கனயே எறங்கி ஊரப் பாத்து நட."

"போகலன்னா?"

முதலாளி அவனுக்குப் பின்சீட்டைக் காட்டிவிட்டு ஸ்டீரிங் முன் உட்கார்ந்தார். காரைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி வளைவை நோக்கி விட்டார். இரண்டு கையாலும் மல்லுக்கட்டினார். நேராகத்தான் ஓடியது. பின்னால் திரும்பி மலையாண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

வளைவு வந்தது.

எஞ்சின் நின்றது. கார் நிற்கவில்லை…

ஸ்டீரிங் தானாகச் சுற்றியது. பூப்போல. முதலாளியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"பிரேக்கு!"

"மிதிச்சுக்கிட்டுத்தாண்டா இருக்கேன்…"

சாலையோரப் பள்ளம். குலுங்கவில்லை.

முள்வேலி. சத்தமே இல்லை.

ஒரு ஆட்டம் மட்டும். இந்தப் பக்கம்… அந்தப் பக்கம்…

பாயின் உதடுகள் ஓதின.

மலையாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "யாருலே அது? மொகத்தக் காட்டுலே! ஒன்னால எம் பொழப்புப் போகுது!"

ஆட்டம் நின்றது.

பிறகு, நின்ற இடத்திலேயே… மெல்ல… கார் திரும்பியது.

இறங்கியது.

தொப்.

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே, வந்த சாலையைப் பார்த்தபடி கார் நின்றது. மரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த களையெடுக்கும் பஞ்சம்மாள் தூக்குச்சட்டியோடு ஓடி வந்தாள்.

"எப்ப வந்தீக முதலாளி? சத்தமே கேக்கலையே."

"ஆத்தா, இது என்ன எடம்?" என்றான் மலையாண்டி.

அவள் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "சுடுகாட்டுப் பாதை. போனவுக வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாதுன்னு பாடைய இங்கன எறக்கி, தலகாலு மாத்தித் திருப்பித்தான் தூக்குவோம். ஆவணியில முதலாளி வேலி போட்டு உழுதுட்டாக. அதுலேருந்து பொணமெல்லாம் கண்மாயச் சுத்திப் போகுது. திருப்பாமலே."

முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையாண்டி மண்ணைப் பார்த்தான். இரவு மழையில் புஞ்சை குழைந்து கிடந்தது. வேலியில் ஒரு முள் ஒடியவில்லை. ஒரு செடி சாயவில்லை. டயர்த் தடமே இல்லை. வேலியிலிருந்து கார் வரைக்கும் நான்கு ஆட்களின் வெறுங்கால் தடம், கனம் சுமந்த கால்களைப்போல ஆழமாகப் பதிந்திருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

"அன்னைக்கும் நான் திருப்பல முதலாளி" என்றான். "ஊருக்கு முன்னால சொல்லுங்க."

மறுநாள் ராமசுப்பிரமணியன் வேலியைப் பிடுங்கச் சொன்னார். மலையாண்டிமேல் தப்பில்லை என்று ஊருக்கு முன்னால் தன் வாயாலேயே சொன்னார். அதற்கு மறுநாள் காரை விற்றார். கார் இல்லாத வீட்டில் டிரைவருக்கு வேலை இல்லை.