பிரெஞ்சில் வந்த எச்சரிக்கை

கணினியில் சிவப்புப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற எதையும் நான் நம்புவதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பிரான்சில் இருந்தார். லீவில் வந்தபோது சாரம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதில் இருந்த ஆன்டிவைரஸ் பிரெஞ்சில்தான் பேசும். எனக்குத் தெரிந்ததோ தமிழும் இங்கிலீஷும். பாதி வெப்சைட்டுகளைத் திறந்தால் சிவப்புப் பெட்டி வந்து நாலு வரி சொல்லும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அந்த வேலை வீட்டில் யாருக்கும் தெரியாது. உப்பளம் ஏரியாவில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்றுவதுவரை பேச்சு போயிருந்தது. நானோ பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் மெயிலுக்காகக் காத்திருந்தேன். வேலை கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி வந்தபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். மூடப் போன என் கையைப் பிடித்துவிட்டார்.

"பிரெஞ்சுல வந்திருக்குது. படிக்காம மூடுறியே?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் எங்கள் தெருவில் அது ஒரு சட்டம். பென்ஷனோ விசாவோ, பிரெஞ்சில் ஒரு தாள் வந்தால் அலட்சியம் பண்ணக் கூடாது. நாலு வீடு தள்ளியிருந்த சொல்தாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். மில்லில் தறி ஓட்டிய அப்பாவுக்கு இந்தப் பெட்டியும் அப்படி ஒரு தாள்தான். ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தார்.

சொல்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, இந்த வெப்சைட்ட நம்ப முடியாதுன்னு தடுத்து வச்சிருக்கான். கீழ விவரம்னு ஒரு பட்டன் இருக்குது பாரு, அத அழுத்தும்மா."

"அதெல்லாம் வேணாம் மாமா."

"சொல்றாருல்ல, அழுத்து," என்றார் அப்பா. என் விரலாலேயே அழுத்தினேன்.

ஒரு மாதமாக நான் பார்த்ததெல்லாம் தேதி, மணியோடு வந்து நின்றது. ஒன்றைக்கூட அது விடவில்லை. பென்ஷன் கடிதம் படிக்கிற அதே நிதானத்தோடு சொல்தா படித்தார். பெங்களூர் வேலை. பெங்களூர் லேடீஸ் ஹாஸ்டல். பெங்களூர் பஸ். கடைசி வரிக்கு வந்ததும், "இதெல்லாத்தையும் இந்த ஆன்டிவைரஸ்காரன் தன் கம்பெனிக்கும் அனுப்பிடுறானாம். உஷாரான ஆளுங்கதான்," என்று மெச்சிக்கொண்டார்.

வைரஸைப் பிடிக்க வந்தவன் நான் எங்கே போகிறேன் என்று எதற்காக எழுதி வைக்கிறான்? முகம் தெரியாதவர்களுக்கு அதை எதற்காக அனுப்புகிறான்? என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரெஞ்சில்தான் கேட்டிருப்பார்கள்.

அப்பா கத்தவில்லை. மோடத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, சர்டிபிகேட் வாங்கப் போகும் சாக்கில் லாஸ்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து மெயிலைத் திறந்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்டர்வியூ தேதி போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து வெடித்துவிட்டேன். "அன்னிக்கு அத மூட விட்டிருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும். என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேப்பா!"

அப்பா நிஜமான கவலையோடு என்னைப் பார்த்தார்.

"வைரஸ் வந்திருந்தா என்னம்மா பண்றது?"