கல்யாணம் ஆகும்வரை நீக்க முடியாது

தெப்ராவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். இணையத்தளங்கள் செய்து கொடுப்பது தொழில். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் என் பாஸ் மலாயில், "போலே, போலே" என்பார். முடியும் என்று சொல்வது அவர் வேலை. முடித்துக் கொடுப்பது என் வேலை.

குளுவாங்கில் கல்யாணத் தரகு செய்யும் ஆன்ட்டி ஒருவர் தளம் வேண்டுமென்று வந்தார்.

"போட்டோவப் போட்டதும் ஆளு குடிக்கிறவனா இல்லையான்னு சிஸ்டம் சொல்லிடணும்மா."

"முடியாது ஆன்ட்டி."

"சரி, பொண்ணு வீட்டுல மனசுக்குள்ள என்ன நினைக்கிறாங்கன்னு ஓரத்துல சின்ன எழுத்துல காட்டு."

பாஸ் அதற்கும் தலையாட்டினார். ஜாதகம் பொருந்தாவிட்டால் தளமே கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார் ஆன்ட்டி. ஒவ்வொன்றாகப் பேசிக் கழித்தேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது: பதிந்தவர் யாரும் கல்யாணம் ஆகும்வரை தம் பெயரை நீக்க முடியக்கூடாது.

"பாதியில ஓடிடுறாங்கம்மா," என்றார்.

இது நியாயமில்லை என்று பாஸிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் முடியாதுன்னுட்ட. இதையாவது செய் லா," என்றார். செய்தேன்.

தளத்தை ஒப்படைத்த அன்று, எப்படிப் பதிவது என்று காட்டச் சொன்னார் ஆன்ட்டி. "சும்மா டெஸ்டுக்கு, உன்னையே போட்டுக் காட்டேன்." வயது, நட்சத்திரம், பெரியவர்கள் யாராவது ஒருவருடைய போன் எண் என்று கேட்கக் கேட்கச் சொன்னேன். படத்தையும் அவரே எடுத்தார்.

அந்த வாரமே அம்மாவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஆன்ட்டியிடம் என் பெயரை எடுக்கச் சொன்னேன். "எடுக்க முடியாதேம்மா. நீதானே அப்படிச் செஞ்சு கொடுத்த?"

உண்மையில் அலுவலகக் கணினியிலிருந்து என்னால் எடுக்க முடியும். ஆனால் அப்பா போன பிறகு சுருங்கிக் கிடந்த அம்மாவின் குரல், அந்த அழைப்புகளில்தான் நிமிர்ந்தது. "வாங்க, வாங்க, ஞாயித்துக்கெழம வாங்க" என்று யாரையோ உபசரிப்பார். பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பெயரை எடுக்க மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு யோங் பெங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியும் முன்பே கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடக்கிறவரின் தூக்கம் கண்ணிலேயே தெரிந்தது. பெரியவர்கள் எங்கள் இருவரையும் பேசச் சொல்லி வாசலுக்கு அனுப்பினார்கள். அவர் என் அம்மாவின் கற்றாழைத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வெப்சைட் நீங்க செஞ்சதாமே?"

"ஆமா."

"தப்பா எடுத்துக்காதீங்க. என் பேர அதுலேர்ந்து எடுத்துட முடியுமா? எங்க அக்கா போட்டது. வாராவாரம் லீவு நாளெல்லாம் இப்படியே போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உள்ளே அம்மா அதைக் கேட்டுவிட்டு இன்னொரு தட்டு வடை எடுத்து வைத்தார்.

மறுநாள் முதல் வேலையாக அவர் பெயரை நீக்கினேன். மத்தியானத்துக்குள் ஆன்ட்டி பாஸை அழைத்துவிட்டார். ஒரு மாப்பிள்ளை காணாமல் போய்விட்டாராம். தளத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறதாம். பாஸ் என் மேசைக்கு வந்தார்.

"நாம நினைச்சாக்கூட எடுக்க முடியாதபடி பண்ணிடு. இன்னைக்கே."

அந்த ஓட்டையை அடைக்கும் முன் தளத்தில் என் பெயருள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அம்மா.

"நேத்து வந்தவங்க ஒண்ணும் சொல்லல. பரவால்லம்மா, சனிக்கெழம குளுவாங்லேர்ந்து ஒருத்தங்க வர்றாங்க. நீ அந்தப் பச்சைச் சேலையக் கட்டிக்கிறியா?"

"சரிம்மா," என்றேன்.

பிறகு அடைத்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது, திறந்திருந்தது என்னுடையதுதான். நீக்கு என்று அழுத்தினேன். நீங்கவில்லை.

"ஆயிடுச்சா?" என்று பாஸ் அவர் அறையிலிருந்து கேட்டார்.

ஆகிவிட்டது என்று சொன்னேன்.