பள்ளிக்கூடத்தில் இல்லாத துணி

நீலம் போட்டு அலசிய வெள்ளைத் துணி வெயிலில் காய்கிறபோது கொஞ்சம் சவர்க்காரமும் கொஞ்சம் சூடுமாக ஒரு மணம் வருமே, அந்த மணம் வந்தால் இன்றைக்கும் நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். வெள்ளைச் சட்டை, வெள்ளையில் நீளக் காற்சட்டை, தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளைப் "பர்தா" என்று, கல்முனைக் கரையில் நான் படித்த பெண்கள் பாடசாலையில் எங்களை முழுக்க முழுக்க வெள்ளையில் மூடியிருந்தார்கள். மாதத்தில் ஐந்தாறு நாள் இரத்தம் போகிற பிள்ளைகளுக்கு இந்த நிறத்தைத் தெரிவுசெய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரையே அதை உடுத்தி ஒரு நாள் முழுக்க எங்கள் மரவாங்கில் இருக்கச் சொல்லியிருப்பேன்.

பகல் இடைவேளையில் மண்டபத்தில் ளுஹர் தொழுகை நடக்கும். மாதவிடாய் நாட்களில் பெண் தொழ வேண்டியதில்லை. அது மார்க்கம் எங்களுக்குத் தந்த ஓய்வு. எங்கள் ஊரில் அதை யாரும் நேரே சொல்வதில்லை, "தொழுகை இல்ல" என்றால் கேட்பவர் விளங்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். பாடசாலையில் அந்த மரியாதையும் கிடையாது. தொழுகை இல்லாத பிள்ளைகள் மண்டபத்தின் பின்சுவரோரம் வரிசையாக இருக்க வேண்டும்; மாணவத் தலைவி ஒருத்தி அவர்களுடைய பேரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுவாள். தொழாமல் தப்புவதற்குப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்களாம், அதற்குத்தான் கொப்பியாம். எந்தப் பிள்ளைக்கு எப்போது வருகிறதென்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவளைப் பெற்ற உம்மாவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அலுவலகத்திலோ முதலுதவிப் பெட்டியிலோ, தலைகீழாக நின்று தேடினாலும், அங்கே ஒரு "பேட்" கிடைக்காது.

பத்தாம் வகுப்பில் அந்தக் கொப்பி என் கையில் இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும், திகதி ஒன்றைக்கூட நான் பிழையாக எழுதியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நஸ்மியா என் வகுப்புத்தான். அவளுடைய ஊர் இறக்காமம். வாப்பா வயல் செய்கிறவர், யானை மிதித்தது போக மிஞ்சியதை வெட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று ஒரு வாத்தியார் சொன்னதைக் கேட்டு, அவளைக் கரையில் இருந்த அவள் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். கணக்குப் பாடத்தில் டீச்சர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவள் விடையை எழுதி வைத்துவிட்டு என் கொப்பியை எட்டிப் பார்ப்பாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுப்பேன் என்று சொன்ன பிள்ளை எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான். சாச்சி வீட்டில் அவளுக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்தது. மற்றதைக் கேட்க அவளுக்கு வெட்கம். பழைய சாறனைக் கிழித்த துண்டுகள் நாலைந்து அவளிடம் இருந்தன, அவற்றைக் கழுவி வேறு உடுப்புக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாரி காலத்தில் அவை காய்வதில்லை.

ஒரு மாரியில், பின்சுவரோரத்தை விட்டு எழும்பித் தொழத் தொடங்கிப் பதினொரு நாளில், அவள் மறுபடியும் அங்கே போய் இருந்தாள். நான் எழுதினேன். எழுதியதோடு விட்டிருக்கலாம். தொழுகையைப் பொறுப்பாகப் பார்த்த டீச்சரிடம் கொப்பியைக் கொண்டுபோய், போன முறைத் திகதியில் விரலை வைத்துக் காட்டினேன். டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"பொய் செல்றியா புள்ள?"

"இல்ல டீச்சர்."

"ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு நாளாவது சுத்தமா இரிக்கணும், படிச்சிருக்கிறீங்கதானே. பதினொரு நாள்தான் ஆகியிரிக்கி. உண்மையெண்டா இது மாசா மாசம் வாற ஹைழ் இல்ல, நோய் ரெத்தம். கழுவிப்போட்டு, துணியக் கட்டிக்கிட்டு, கைகால் மொகம் கழுவி வுழூ எடுத்துத் தொழு."

"துணி இல்ல டீச்சர்."

அவள் இதை மெதுவாகத்தான் சொன்னாள். இரண்டடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது, டீச்சருக்கும் கேட்டது.

"ஊட்டுல இருந்து கொண்டு வரத் தெரியாதா?" என்றுவிட்டு டீச்சர் முன்வரிசைக்குப் போய்விட்டார்.

நஸ்மியா முகம் துடைக்கிற தன் லேஞ்சியை மடித்து எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். என்னிடமும் ஒரு லேஞ்சி இருந்தது. கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவள் திரும்பிவந்து எனக்கு முன்வரிசையில் நின்றாள். இரண்டாவது ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குக் குனிந்தபோது அவளுடைய வெள்ளையில் என் உள்ளங்கையளவு சிவப்பு இருந்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். தொழுகையில் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை, சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த பிறகு திறந்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி சிரித்ததும், நஸ்மியா பர்தாவை இழுத்துப் பின்பக்கம் மறைத்துக்கொண்டு ஓடியதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் பாடக் கொப்பிகளோடு அவளுடைய சாச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைத்தாள்.

"நான் பொய் செல்றவளா இல்லியா எண்டு ஒனக்குமா தெரியாது?"

கொண்டுபோன கொப்பிகளைக் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை அவளுடைய வாப்பா விடுகைப் பத்திரம் எடுக்க வந்தார். அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "புள்ளைக்கு இஞ்சத்த தண்ணி ஒத்துக்கொள்ளுதில்லயாம் சேர்" என்று சொன்னார். அவளுக்கு அதற்குமேல் வாப்பாவிடம் சொல்ல முடியவில்லை. உண்மை தெரிந்த எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் பிறகு எங்கேயும் படிக்கவில்லை, அடுத்த வருடமே கலியாணம் என்று கேள்விப்பட்டேன்.

டீச்சர் சொன்ன சட்டத்தைப் பெரியவளான பிறகு நானே மார்க்கக் கிதாபில் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் என்னை இன்னும் கொதிக்கவைக்கிறது. தொழு என்று சொல்வதற்கு முன்னால் அந்தச் சட்டம் கழுவு என்கிறது, துணி கட்டு என்கிறது. கழுவத் தண்ணீர் வேண்டும், கட்டத் துணி வேண்டும் என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்கு விளங்கியிருக்கிறது. அறுநூறு எழுநூறு பெண் பிள்ளைகளை வைத்திருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விளங்கவில்லை. நாட்களை எண்ணுகிற பாதியை எடுத்துக்கொண்டார்கள், துணிக்கான பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போட்டார்கள். மார்க்கத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு செய்த இந்தக் கஞ்சத்தனத்தை நான் மன்னிக்கத் தயாரில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு போன என்னையும்தான்.

இப்போது என் மகள் அதே பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு. மண்டபத் தரைக்கு ஓடு பதித்தாகிவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிறது, அந்தக் கொப்பி எந்த அலுமாரியில் மக்கிப்போனதென்று யாருக்கும் தெரியாது. போன தவணையில் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து கழிவறைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டி, அதில் பேட் நிரப்பி வைத்தோம். யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, வேண்டியவள் எடுக்கலாம். இரண்டு நாளில் பெட்டி காலி.

அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். பொறுப்பான சேர் ஒருவர், மரியாதையானவர், குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "ஓசியில கிடைச்சா அள்ளிக்கிட்டுத்தானே போவாங்க. நாம புள்ளையளக் களவுக்குப் பழக்கிறம். பெட்டிய ஒஃபிசுல வெப்பம். தேவையெண்டா வந்து கேக்கட்டுமே."

பலர் தலையாட்டினார்கள், பெண்களும்தான். வெண்கட்டி முடிந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கள்ளனைத் தேடுவதில்லை. பேட் முடிந்தால் மட்டும் பிள்ளை கள்ளியாகிவிடுகிறாள். வீட்டில் இருக்கிற உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் சேர்த்து எடுத்திருப்பாள், விலை ஏறிக் கிடக்கிற இந்த நாளில் வேறென்ன செய்வாள் என்று நினைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நான் எழும்பினேன்.

"ஒருத்தி கேட்டவ சேர்," என்றேன். "இதே மண்டபத்துல. துணி இல்ல எண்டு வாய் திறந்து கேட்டவ. நான் பக்கத்துல நிண்டு கேட்டுக்கிட்டு இரிந்தன்."

யார் என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன், என் கொப்பியையும் என் லேஞ்சியையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும், பெட்டி மாட்டிய இடத்திலேயே இருக்கும், காலியானால் மறுபடி நிரப்பப்படும், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று கூட்ட அறிக்கையில் எழுதி முடிக்கும்வரை நான் கதிரையில் உட்காரவில்லை.