கிளச் பிளேட்டில் ஒட்டிய சீட்டு

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எண் போடாத எதுவும் தன் கையைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய மதம். அந்த மதத்தை எங்கள் பழைய ஜீப்பின் அடிவயிற்றிலும் பரப்பப் போய்த்தான் என் மாமாவின் கல்யாணத்துக்கு நாங்கள் பஸ்ஸில் நசுங்கிப் போக நேர்ந்தது.

ஜீப்புக்கு கிளச் தேய்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், வண்டி யோசிக்கும். ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்காட்டில் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் ஜீப்பில்தான் வீட்டுக்கு வருவார்கள் என்று அம்மா தன் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வொர்க்‌ஷாப்பில் விடலாம் என்றதற்கு அப்பா, "நாலு போல்ட்டு கழத்த அவனொருத்தன் எதுக்கு? நானே மாத்துவேனாக்கும்" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டார். சித்தப்பா அடியில் படுத்துக் கழற்ற, அப்பா பதிவேட்டில் குறிக்க, நான் சீட்டுகளில் எண் எழுதிக் கஞ்சிப் பசையால் ஒட்டினேன். சட்டி, முகம், பாவாடை எல்லாம் பசை.

"அண்ணா, ஸ்டாம்பும் ஒட்டண்டாமா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"எலே, வேலையைப் பாரு."

புது கிளச் பிளேட் வந்தபோது, "மக்கா, அதுக்கும் ஒண்ணு ஒட்டு" என்றார் அப்பா. அதன் நடுவில் பொடியாக ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதை முழுக்க மறைத்து, கோணாமல், நாற்பத்தொன்று என்று ஒட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் மாட்டியாயிற்று. ஒரு நட்டுகூட மிச்சமில்லை. அப்பா மிகுந்த கம்பீரத்தோடு கிளச்சை மிதித்து கியர் போட்டார். ஜீப் கதறியது. கியர் விழவில்லை.

"என்ன இப்படி கத்துது?" என்றாள் அம்மா.

"புதுசுல்லா? கொஞ்சம் கத்தும்."

"நானும் இந்த வீட்டுக்குப் புதுசா வந்தவதான். கத்தினேனா?"

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். மாப்பிள்ளையும் பெண்ணும் யாரோ ஒருவருடைய காரில் வந்தார்கள். அப்பாவைத் தவிர எல்லாரையும் பார்த்து அம்மா சிரித்தாள்.

திங்கட்கிழமை மறுபடி எல்லாவற்றையும் இறக்கினார்கள். பிளேட்டைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தார்கள். "எந்தப் பக்கம் எஞ்சினைப் பாக்கணும்னு இதிலே எழுதியிருக்குமே அண்ணா!" என்று சித்தப்பா அடியிலிருந்து அதை நீட்டினார். அப்பா சீட்டை நகத்தால் உரித்தார். கீழே அந்தப் பொடி எழுத்துகள். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதித்தான் இருக்கு" என்றார். "நான்தான் பாக்கல்லே."

வாசலில் நின்ற அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கதையைச் சொன்னாள். அப்பா ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

என்னை ஒட்டச் சொன்னதே அப்பாவுக்கு மறந்துவிட்டது, எண்ணை எழுதியது யாரென்று தெரியவில்லை என்று அன்று நிம்மதியாக விளையாடப் போனேன். என் வீட்டுப்பாட நோட்டில், அதே கோழிக்கிறுக்கலுக்குக் கீழே, தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.