ஐந்து முறை அமுக்கிய பட்டன்

"போட்டுட்டேன்." என் தொழிலில் நான் அதிகம் கேட்கும் சொல் இது. பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள்.

சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். மும்பை செம்பூரில் வீடு, வீட்டிலேயே வேலை. ஒரு படத்தை மாற்ற, ஒரு நம்பரை மாற்ற என்று மாதம் முழுக்க என்னையே கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவேன். அப்புறம் அவர்களே செய்ய வேண்டும். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

லாத்தாவும் தெரிந்தேதான் வந்தார். ஐம்பது தாண்டியவர், அக்கா என்ற முறையில் எல்லாருக்கும் லாத்தா. அவரும் கணவரும் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்தார்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய தம்பியோடு ஒத்துவரவில்லை. பட்டறையும் பழைய போன் நம்பரும் தம்பிக்குப் போயின. லாத்தா சீத்தா கேம்ப்பில் ஒரு மாடி அறை பிடித்து மூன்று மெஷின் போட்டார். வெப்சைட் அவர் பெயரில் இருந்ததால் அது மட்டும் அவருக்கு மிஞ்சியது. ஆனால் அதில் இருந்தது பழைய விலாசம், பழைய நம்பர்.

அந்த நேரத்தில்தான் ஒரு தரகர் சேதி கொண்டுவந்தார். வாஷியில் ஒரு கம்பெனிக்கு மாதாமாதம் பை வேண்டுமாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்குப் பேசுவார்களாம். அவர்கள் நம்பரைத் தரகர் தர மாட்டேன் என்றுவிட்டார். பழைய நம்பருக்குப் போனால் எடுப்பது கொழுந்தன். ஆர்டர் அவனோடு போய்விடும். "இது கெடைக்கலேன்னா ரூமைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்று லாத்தா முதல் நாளே சொல்லியிருந்தார்.

வியாழன் காலை பத்தரைக்கு எனக்கு வாஷியில் வேறு வேலை. ரயிலில் ஏறி உட்கார்ந்து போனில் அவர் பக்கத்தைத் திறந்தேன். பழைய நம்பர் அப்படியே இருந்தது. கூப்பிட்டேன்.

"நேத்தே போட்டுட்டேன்ட்டி."

"இல்ல லாத்தா. பழசுதான் இருக்கு. இப்ப திரும்பப் போடுங்க."

இரண்டு நிமிடம். "ஆங், போட்டாச்சு. பூட்டிக்கிடுச்சு."

திறந்து பார்த்தேன். பழசு. பூட்டிக்கொண்டது என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கத்தினேன்.

"லாத்தா, பொய் சொல்லாதீங்க! நீங்க லேப்டாப்பையே தொறக்கல!"

"யாரப் பாத்துட்டி பொய்ங்குத? அஞ்சு தடவ போட்டுட்டேன்!"

"பாஸ்வேர்ட் சொல்லுங்க, நானே பண்றேன்."

"யாருக்கும் சொல்லாத, எனக்கே சொல்லாதன்னு நீதான சொன்ன? மாத்துனேன், மறந்துட்டேன். லேப்டாப்பே அதத் தானா நிரப்பிக்கிடுது."

லேடீஸ் பெட்டியில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு மராட்டிக்காரப் பெண் "பஸ் கர" என்றாள். போதும் நிறுத்து என்று அர்த்தம். நான் வாஷி வேலையை விட்டுவிட்டு மான்கூர்டில் இறங்கி, சீத்தா கேம்ப்புக்கு ஆட்டோ பிடித்தேன்.

இரும்பு ஏணியில் ஏறி அறைக்குள் போனபோது பத்து முப்பத்தைந்து. லாத்தா என்னை வா என்று சொல்லவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இங்கயே நின்னு பாரு. பொய் சொல்லுதனான்னு பாரு."

பார்த்தேன். சரியான பக்கத்துக்குப் போனார். பழைய நம்பரை அழித்தார். புது நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். ஒரு தப்பும் இல்லை. அப்புறம் அம்புக்குறியைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோய் ஒரு பட்டனை அமுக்கினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டது, சரி என்று அதையும் அமுக்கினார். பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் வந்து நின்றது.

"பாத்தியா? போயிருச்சு, பூட்டிக்கிடுச்சு."

அவர் அமுக்கியது 'வெளியேறு'. அமுக்க வேண்டியது 'வெளியிடு'.

"அதுல வெளின்னு இருந்துச்சுல்லா? நம்பரு வெளிய போணும்லா? அதான்."

அந்தத் திரையைத் தமிழில் வைத்தது நான். இங்கிலீஷ் வராதவர்களுக்குத் தமிழில் இருந்தால் சுலபம் என்று நானே முடிவு செய்தேன். லாத்தா தாராவியில் பிறந்து ஹிந்தி ஸ்கூலில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டி, சொல்லின் முதல் பாதி வரை படித்து, மீதியை ஊகிப்பவர். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசுகிற பாஷையைப் படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். தமிழ் சரியாகப் படிக்க வராது என்று என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம்.

மன்னிப்புக் கேட்க நேரமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

மறுபடி அடித்தார். சரியான பட்டனைக் காட்டினேன். அமுக்கினார். என் போனில் புது நம்பர் தெரிந்தபோது பத்து ஐம்பத்திரண்டு.

பதினொன்று ஆனது. போன் அடிக்கவில்லை. லாத்தா அதை மெஷின் பலகையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினொன்று எட்டுக்கு அடித்தது. கொழுந்தன்.

"மைனி, வாஷியிலேருந்து பேசுனாங்க. நாளைக்கு வந்து பட்டறையப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"அது எனக்கு வந்ததுடா."

"நம்பரு எங்கிட்டல்லா இருக்கு? வந்தவன வேண்டாம்னா சொல்ல முடியும்?"

லாத்தா போனை வைத்தார். வாஷிக்காரர்கள் முன்னாலேயே பழைய நம்பரைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐந்து முறையில் ஒன்று சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கால் மணி நேரம் கழித்துத் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. வாஷிக்காரர். ஹிந்தியில் பேசினார். விலாசம் குறிக்க இப்போதுதான் உங்கள் பக்கத்தைத் திறந்தேன், நேற்றுப் பார்த்த நம்பரும் இதுவும் வேறு வேறாக இருக்கின்றன, எது உங்களுடையது என்று கேட்டார்.

லாத்தாவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அபி ஜோ திக் ரஹா ஹை, வஹீ." இப்போது தெரிவதுதான்.

இன்றைக்கே மதியம் இரண்டு மணிக்கு அங்கே வருகிறேன் என்றார் வாஷிக்காரர்.

லாத்தா துடைப்பத்தை எடுத்தார். "நீ கெளம்பு. ஆளுக வரதுக்குள்ள எடத்தப் பெருக்கணும்."

"லாத்தா, அந்தத் திரைய ஹிந்திக்கு மாத்திட்டுப் போறேன்."

"மாத்து. இன்னொரு தடவ பொய்க்காரின்னு சொன்ன, இந்த ஏணியில ஏறவிட மாட்டேன்."

மாற்றினேன். இறங்கினேன். ஆர்டர் அவருக்குக் கிடைத்ததைத் தரகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் அவர் பக்கத்தைத் திறந்தேன். புதுப் பைகளின் படம் இருந்தது, அவரே ஏற்றியது. படம் கோணலாக இருந்தது, கீழே ஹிந்தியில் ஒரு எழுத்துப் பிழை. சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. போனை எடுத்து, அவர் எடுத்ததும், முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிழையைச் சொல்லவில்லை.