குடிக்காமலே சிவந்த முகம்

முதலில் சூடேறியது காதுகள்தான். அப்புறம் கழுத்து, கன்னம். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், பெட்டியில் போடுமுன் ஷூக்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணியை நனைப்பது ஸ்பிரிட்டில்; அதுவும் ஆல்கஹால்தான். நான் கட்டிங் பிரிவுக்காரன். அன்று அவசர ஷிப்மென்ட், பேக்கிங்கில் ஆள் கம்மி. நாலு மணிக்கு விட்டுவிடுகிறேன் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார், போய் உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

குடியை விட்டு அப்போது எட்டு மாதம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தேன். முதல் நாலு நாள் விலகல் அறிகுறிகள் (குடியை நிறுத்தியதும் வரும் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை) என்னை உலுக்கி எடுத்தன. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் டைசல்ஃபிராம் எழுதினார் (இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்; உயிருக்கே ஆபத்தாகலாம்). எல்லாம் விளக்கி, என் சம்மதத்தோடுதான் ஆரம்பித்தார். சில வீடுகளில் இதை ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"ஸ்பிரிட்டு, சென்ட்டு எதையும் கிட்ட வெச்சுக்காதீங்க. அந்த ஆவி கூட சில பேருக்கு ஒத்துக்காது" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். தலையாட்டினேன். பதினெட்டு வருடமாக ஷூ கம்பெனியில் இருப்பவனுக்கு அந்த வாடையெல்லாம் மூக்கில் ஏறுவதே இல்லை. மறந்துவிட்டேன்.

அன்று மாலை என் அக்கா மகள் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் நான் ஒருவன்தான். முதல் மாலை என் கையால் விழ வேண்டும். மருத்துவமனையில் கை நடுங்கிக் கிடந்தபோதே, அந்த மாலையை நடுங்காமல் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டவன். என் மனைவி செல்வி சீர்த்தட்டுகளோடும் என் புது வேட்டி சட்டையோடும் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள். நான் வேலை உடுப்போடு ஆட்டோவில் போய் இறங்கினேன்.

வாசலில் அக்கா வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"இன்னா மச்சான், இன்னைக்குமா?"

"மாமா, நான் குடிக்கல. கம்பெனில ஸ்பிரிட்டு..."

"மூஞ்சி செவந்து கெடக்குது, மூச்சு வாங்குது. எனக்கே கதை சொல்றியா?"

அம்மா ஓடி வந்தாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "ஊதுடா" என்றாள். நாற்பது வயது ஆள், ஊர் ஜனம் முன்னால் ஊதினேன். கையில், சட்டையில், தலைமுடியில் எல்லாம் ஸ்பிரிட் வாடை. வாயில் எது, சட்டையில் எது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அழுதபடியே சொன்னாள்: "எம் பொண்ணு விசேஷ நாளும் அதுவுமா பேஜார் பண்ணாதடா. போய்டு."

மாலையைச் சித்தப்பா மகன் பாபுவின் கையில் கொடுத்தார்கள். பாபு அன்று மதியமே குடித்திருந்தான். அவன் முகம் சிவக்கவில்லை, அவ்வளவுதான்.

செல்வி தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் என் வாயைத் திறக்கச் சொல்லி, மாத்திரையை நாக்கில் வைத்து, விழுங்கும்வரை நிற்பவள் அவள். அந்த மாத்திரைமேல் குடித்திருந்தால் மண்டபத்துக்கு நடந்தே வந்திருக்க மாட்டேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை.

பைபாஸ் ஓரம் வந்து நின்றேன். எதிர்ச்சாரியில் ஒயின் ஷாப். குடிக்காமலே இந்தப் பேர் என்றால் குடித்துவிட்டே வாங்கிக்கொள்ளலாமே என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப்போவதில்லை. என் இடத்தில் இருந்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றும். இதயம் நிலைகொள்ளாமல் அடித்துக்கொண்டிருந்ததால் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"உடனே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தச் சட்டையைக் கழட்டிடுங்க" என்றார்.

"ரொம்ப கோவமா வருது சார்."

"வரட்டும். நியாயமான கோவம்தான். அதோட தனியா மட்டும் நிக்காதீங்க."

அரசு ஆஸ்பத்திரியில் கைகழுவி, சட்டையைக் கழற்றி, பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தார். ஏழு மணிக்குள் சிவப்பு இறங்கிவிட்டது. அந்த நேரம் மண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிவப்பு இறங்கிய முகத்தைப் பார்க்க ஆஸ்பத்திரியில் என் ஆட்கள் ஒருவரும் இல்லை.

குணமாகிறவன் கோபப்படக் கூடாது என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. குடித்த காலத்தில் எல்லாரையும் அழவைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, குடிக்காத நாளுக்கும் சேர்த்து என்னை அடிக்க இவர்கள் யார்?

மறுநாள் காலை செல்வி மாத்திரையை நாக்கில் வைக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அங்க சொல்ல வாய் வர்ல" என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள். நின்று பார்க்கவில்லை.

முதல் முறையாக மாத்திரையும் நானும் தனியாக இருந்தோம். இந்த மருந்து நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை உடம்பில் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு நான் என்ன முடிவு செய்தாலும், என் உடம்பு போன வார முடிவின்படிதான் நடக்கும். சுவரில் காலண்டர் தொங்கியது. இன்று நிறுத்தினால் எந்தத் தேதியில் பயமில்லாமல் குடிக்கலாம் என்று என் கண் தானாகத் தேடியது. பதினாலு நாள். ஒரு சனிக்கிழமை வந்தது.

என் கோபம் பதினாலு நாள் ஆறாமல் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தண்ணீருக்குக் கூடக் காத்திருக்காமல் மாத்திரையை விழுங்கினேன்.